வீட்டு முகவரியும் இன்சூரன்ஸ் அட்டையும்

டல்லாஸில் வேலை கிடைத்துவிட்டது என்று மகன் சொன்ன இரவு நான் கேட்ட முதல் கேள்வி, "அந்தக் கம்பெனி இன்சூரன்ஸ் செல்ஃப் ஃபண்டடா?" என்பதுதான். அதாவது, மருத்துவச் செலவுக்கான பணத்தை இன்சூரன்ஸ் கம்பெனி தராமல் வேலை கொடுக்கும் கம்பெனியே தரும் பிளானா என்று. அவன் முகம் சுருங்கிவிட்டது. "அம்மா, முதல்ல கங்கிராட்ஸ் சொல்லும்மா" என்றான். சொன்னேன், கட்டிப் பிடித்துக்கொண்டேன். ஆனால் கேள்வியை விடவில்லை. ஏன் விடவில்லை என்று அவனுக்கு எழுத ஆரம்பித்தது நீண்டுகொண்டே போனது. அமெரிக்காவில் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறவர்கள், ஊரிலிருந்து பெற்றோரை அழைத்து வந்திருப்பவர்கள் பலருக்கும் இது உபயோகப்படும் என்று இங்கேயே போடுகிறேன்.

2008-இல் நாங்கள் டெக்சாஸில், இர்விங்கில் இருந்தோம். கணவருக்கு வேலை போய், சொந்தமாக ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி ஆரம்பித்திருந்தார். பழைய கம்பெனி இன்சூரன்ஸைக் கோப்ரா என்ற சட்டத்தின் வழியாக நீட்டித்துக்கொள்ளலாம். ஆனால் முழுப் பிரீமியமும் நம் கையிலிருந்து போக வேண்டும், அது எங்கள் வீட்டு வாடகையைவிட அதிகம். சரி, தனியாகப் பாலிசி வாங்குவோம் என்று விண்ணப்பித்தோம். பக்கம் பக்கமாகப் படிவம். எந்த டாக்டரைப் பார்த்தீர்கள், எதற்காகப் பார்த்தீர்கள், என்ன மருந்து, எத்தனை நாள்.

எனக்கு முடக்குவாதம் வந்து அப்போது இரண்டு வருடம். வயது முப்பத்திரண்டு. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. வெந்நீரில் அரைமணி நேரம் கையை வைத்திருந்த பிறகுதான் பையனுக்குச் சட்டைப் பொத்தான் போட முடியும். குக்கர் மூடியைத் திறக்கக் கணவரைக் கூப்பிடுவேன். வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட், ஈரல் தாங்குகிறதா என்று பார்க்க அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. படிவத்தில் எதையும் மறைக்காமல் எழுதினேன். மறைத்தால் பின்னால் பெரிய பில் வரும்போது பழைய ஃபைலைத் தோண்டி பாலிசியையே ரத்து செய்வார்கள் என்று தெரிந்தவர்கள் எச்சரித்திருந்தார்கள்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. எனக்கான வரி, "முடக்குவாதம் காரணமாக உங்களுக்குக் காப்பீடு வழங்க இயலவில்லை" என்பது. அதன் கீழே, இப்படி மறுக்கப்பட்டவர்களுக்கென்றே மாநிலம் வைத்திருந்த ஹை ரிஸ்க் பூல் என்ற காப்பீட்டில் சேரலாம் என்று ஒரு தொலைபேசி எண். கூப்பிட்டு விசாரித்தேன். சாதாரணப் பிரீமியத்தைப் போல இரண்டு மடங்கு வரை கேட்பார்களாம். எங்களால் முடியவில்லை. அடுத்த ஏழு மாதம் எனக்கு இன்சூரன்ஸ் கிடையாது. ஊருக்குப் போய் வந்தவர்கள் பெட்டியில் கொண்டுவந்த மாத்திரையைத்தான் சாப்பிட்டேன். ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளவே இல்லை. அது எவ்வளவு பெரிய ஆபத்து என்று இப்போது நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

அந்த இன்சூரன்ஸ் கம்பெனி சட்டத்தை மீறவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். அன்றைய டெக்சாஸில் நோயாளியை மறுப்பது சட்டப்படி சரி. அதே வருடம் அதே நோயோடு, இப்போது குடியிருக்கும் நியூ ஜெர்சியில் நான் இருந்திருந்தால் என்னை மறுத்திருக்க முடியாது. இங்கே 1993-லிருந்தே, தனிநபர் பாலிசி கேட்பவருக்கு நோய் இருந்தாலும் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் இருந்தது. நியூயார்க்கிலும் அப்படியே. நோய் ஒன்றுதான், முகவரிதான் வேறு. இதை நான் தெரிந்துகொண்டது 2009-இல் கணவருக்கு எடிசன் பக்கம் வேலை கிடைத்து இங்கே வந்த பிறகுதான்.

வந்த இடத்திலும் நிம்மதி உடனே கிடைத்துவிடவில்லை. புதுக் கம்பெனியின் இன்சூரன்ஸில் சேர்ந்தபோது, முந்தைய காப்பீட்டுக்கான சான்றிதழ் கேட்டார்கள். 1996-இல் வந்த ஹிப்பா சட்டப்படி, காப்பீட்டில் 63 நாளோ அதற்கு மேலோ இடைவெளி விட்டவர்களுக்கு, முன்பே இருந்த நோயைப் பன்னிரண்டு மாதம் வரை கம்பெனி பிளான் கவர் செய்யாமல் விடலாம். எனக்கு இடைவெளி ஏழு மாதம். ஆக, அட்டை என் கையில், என் முடக்குவாதம் அட்டைக்கு வெளியே. இன்னும் ஒரு வருடம்.

இதெல்லாம் 2014 ஜனவரி 1-இல் முடிவுக்கு வந்தது. ஒபாமா 2010 மார்ச் 23-இல் கையெழுத்திட்ட அஃபோர்டபிள் கேர் சட்டத்தின் முக்கியமான பகுதிகள் அன்றுதான் நடைமுறைக்கு வந்தன. நோயைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது, அதற்காகக் கூடுதல் பணம் கேட்கக் கூடாது, பிரசவம், மனநலம், மருந்துச் சீட்டு உட்பட பத்து வகைச் சேவைகள் தனிநபர், சிறு நிறுவனப் பாலிசிகளில் இருந்தாக வேண்டும், வயதானவரிடம் இளைஞரைப் போல மூன்று மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது. பிள்ளைகளை 26 வயது வரை பெற்றோர் பிளானில் வைத்துக்கொள்ளும் உரிமை அதற்கு முன்பே, 2010-லேயே வந்துவிட்டது.

அன்றிலிருந்து இந்தச் சட்டம் எத்தனை முறை உயிர் தப்பியிருக்கிறது! 2017 ஜூலை 28 அதிகாலை, இந்தச் சட்டத்தின் சில பகுதிகளை நீக்கும் மசோதாவுக்கு எதிராகச் செனட்டர் ஜான் மெக்கெய்ன் கட்டைவிரலைக் கீழே காட்டியதை நான் டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். 49-க்கு 51 என்று மசோதா தோற்றது. ஒரு மனிதரின் கை என் கையைக் காப்பாற்றியது என்று அப்போது தோன்றியது, இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். அப்புறம் 2018 டிசம்பரில் டெக்சாஸ் நீதிபதி ஒருவர் சட்டம் முழுவதும் செல்லாது என்றார். வழக்கை முன்னின்று நடத்தியதும் டெக்சாஸ் மாநிலம்தான். உச்ச நீதிமன்றம் 2021 ஜூன் 17-இல், வழக்குப் போட உங்களுக்குத் தகுதியே இல்லை என்று 7-க்கு 2 என்ற கணக்கில் தள்ளியது. இரண்டரை வருடம். அந்த இரண்டரை வருடத்தில்தான் பல மாநிலங்கள் விழித்துக்கொண்டு, ஃபெடரல் சட்டம், அதாவது மத்திய அரசின் சட்டம், போனாலும் எங்கள் மாநிலத்தில் இந்தப் பாதுகாப்பு நிற்கும் என்று தங்கள் சட்டப் புத்தகத்தில் எழுத ஆரம்பித்தன.

மாநிலங்களுக்கு அந்த அதிகாரம் புதிதல்ல. 1945-இன் மெக்காரன் ஃபெர்குசன் சட்டத்திலிருந்து இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் மாநிலங்களின் வேலை. நியூ ஜெர்சியில் அன்றைய கவர்னர் மர்ஃபி 2020 ஜனவரியில் ஒரு கட்டாகப் பல மசோதாக்களில் கையெழுத்திட்டார். முன்பே இருந்த நோய், அடிப்படைச் சேவைகள், கட்டணமில்லாத தடுப்புச் சேவைகள், 26 வயது வரை பிள்ளைகள் எல்லாம் அதில் மாநிலச் சட்டமாயின. வழக்கில் டெக்சாஸுடன் சேர்ந்து நின்ற லூசியானாகூட 2019-இல், ஒருவேளை நாங்கள் ஜெயித்துவிட்டால் நோயாளிகளைக் காக்க என்று ஒரு சட்டம் போட்டது.

இப்படிப்பட்ட சட்டம் ஒரு மாநிலத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்திவிடக் கூடாது. வாசகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். "ஃபெடரல் சட்டத்தில் உள்ளபடி" என்று எழுதியிருந்தால், ஃபெடரல் சட்டம் மாறும்போது மாநிலச் சட்டமும் கூடவே மாறிவிடும். நிழல்போல. பாதுகாப்பு என்னென்ன என்று மாநிலமே முழுதாக எழுதியிருந்தாலோ, இன்ன தேதியில் இருந்தபடி என்று குறித்திருந்தாலோதான் அது தன் காலில் நிற்கும். 2025-இல் இதை எல்லோரும் கண்ணால் பார்த்தோம். எந்தத் தடுப்பூசிக்கு இன்சூரன்ஸ் முழுப் பணம் கொடுக்க வேண்டும் என்பது ஃபெடரல் ஆலோசனைக் குழு ஒன்றின் பரிந்துரையைப் பொறுத்தது. அந்த வருடம் ஜூனில் சுகாதாரச் செயலர் கென்னடி குழுவின் 17 பேரையும் ஒரே நாளில் நீக்கினார். சட்டத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, ஆனால் சட்டம் யாரை நம்பி நின்றதோ அந்த ஆட்கள் மாறிவிட்டார்கள். கலிஃபோர்னியா அந்தச் செப்டம்பரிலேயே, 2025 ஜனவரி 1-இல் இருந்த பரிந்துரைகளே எங்கள் மாநிலத்துக்கு அடிப்படை, அதற்கு மேல் சேர்ப்பதை எங்கள் சுகாதாரத் துறை பார்த்துக்கொள்ளும் என்று சட்டமாக்கியது. ஒரு தேதியை எழுதி வைப்பதில் இவ்வளவு இருக்கிறது.

இனி, என் மகனிடம் நான் கேட்ட கேள்வி.

போன வருடம் அவனுக்கு 26 முடிந்தது. அப்போது வீட்டில்தான் இருந்தான், ஒரு வேலை முடிந்து அடுத்தது இன்னும் அமையவில்லை. நியூ ஜெர்சியில் ஒரு நல்ல சட்டம் உண்டு. கல்யாணமாகாத, குழந்தை இல்லாத, இங்கேயே குடியிருக்கும் பிள்ளை, பிரீமியம் கட்டி 31 வயது வரை பெற்றோரின் பிளானிலேயே தொடரலாம். நான் நிம்மதியாக இருந்தேன். கணவரின் ஆபீஸ் ஹெச்.ஆரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அந்தப் பெண் மிகவும் பொறுமையாகத்தான் பேசினார். "எங்களுடையது செல்ஃப் ஃபண்டட் பிளான். மாநிலச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது" என்றார்.

பர்ஸிலிருந்து அட்டையை எடுத்துப் பார்த்தேன். எல்லோருக்கும் தெரிந்த பெரிய இன்சூரன்ஸ் கம்பெனியின் லோகோ. பதினைந்து வருடமாக அந்தக் கம்பெனிதான் எங்களுக்கு இன்சூரன்ஸ் கொடுக்கிறது என்று நினைத்திருந்தேன். கிடையாதாம். என் மருந்துக்கும் ஸ்கேனுக்கும் பணம் போவது கணவரின் ஆபீஸ் கஜானாவிலிருந்து. லோகோக்காரர்கள் பில்லைச் சரிபார்த்து அனுப்பும் கணக்குப்பிள்ளைகள், அவ்வளவுதான். பிளான் விவரப் புத்தகத்தைத் தரவிறக்கி, கடைசிப் பக்கங்களில் சின்ன எழுத்தில் தேடிக் கண்டுபிடித்தேன். பிளான் செல்ஃப் ஃபண்டட் என்று ஒரே ஒரு வாக்கியம் எழுதியிருந்தது.

இதற்குக் காரணம் 1974-இல் வந்த எரிசா சட்டம். பென்ஷனைக் காப்பாற்ற வந்த சட்டம் அது. 1963-இல் ஸ்டூடிபேக்கர் கார் கம்பெனி இந்தியானாவில் தன் ஆலையை மூடியபோது ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் பென்ஷன் கரைந்துபோனது, அந்தக் கோபத்திலிருந்து பிறந்தது. பல மாநிலங்களில் கிளை வைத்திருக்கும் கம்பெனிக்கு ஒரே விதி இருக்கட்டும் என்று, ஊழியர் நலத் திட்டங்கள் ஃபெடரல் அரசின் கீழ்தான் என்று அதில் எழுதினார்கள். இன்சூரன்ஸ் கம்பெனியிடம் வாங்கும் பிளானை மாநிலம் கட்டுப்படுத்தலாம். கம்பெனி தன் பணத்தில் நடத்தும் பிளானைத் தொட முடியாது. இன்று அமெரிக்காவில் வேலை மூலம் காப்பீடு பெறும் ஊழியர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் இந்த வகையில்தான் இருக்கிறார்கள். நம்மவர்கள் வேலை பார்க்கும் பெரிய ஐ.டி. கம்பெனிகள், வங்கிகள், மருந்துக் கம்பெனிகளில் பெரும்பாலும் இதுதான்.

அதனால் மாநிலம் எவ்வளவு நல்ல சட்டம் போட்டாலும், வேலை மூலம் காப்பீடு பெறுவோரில் பாதிப் பேருக்கு மேல் அது போய்ச் சேராது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான ஏ.பி.ஏ. என்ற நடத்தைப் பயிற்சித் தெரபியை இன்சூரன்ஸ் கவர் செய்ய வேண்டும் என்று நியூ ஜெர்சி 2009-லேயே சட்டம் செய்தது. தமிழ்ப் பள்ளியில் எனக்குத் தெரிந்த இரண்டு குடும்பங்கள். இரண்டு குழந்தைகளுக்கும் ஒரே வயது, ஒரே தெரபி மையம். ஒரு அப்பா சின்ன கம்பெனியில் வேலை, இன்சூரன்ஸ் கம்பெனியிடம் வாங்கிய பிளான், தெரபி கவர் ஆனது. இன்னொருவர் மிகப் பெரிய கம்பெனி, செல்ஃப் ஃபண்டட், முதல் இரண்டு வருடம் முழுக்கக் கைப்பணம். பெரிய கம்பெனியில் இருப்பவருக்குத்தான் பாதுகாப்பு அதிகம் என்று நாம் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறோம்! முன்பே இருந்த நோயைத் தள்ளக் கூடாது, ஆயுள் முழுவதற்கும் இவ்வளவுதான் தருவோம் என்று உச்சவரம்பு வைக்கக் கூடாது என்பவை இன்று செல்ஃப் ஃபண்டட் பிளானையும் கட்டுப்படுத்துகின்றன என்றால், அவை ஃபெடரல் சட்டம் என்பதால்தான். நாளை அவை போனால், மர்ஃபி கையெழுத்திட்ட எந்தத் தாளும் என் விரல்களுக்கு உதவாது. நாற்பது நிமிட தூரத்தில் மாநிலத் தலைநகர் டிரென்டன் இருக்கிறது. அங்கே எழுதிய சட்டம் என் வீட்டுக்குள் வராது.

செல்ஃப் ஃபண்டட் பிளான் முதல் ஓட்டை என்றால், இரண்டாவது ஓட்டை பணம். இதைச் சொல்லாமல் மாநிலச் சட்டங்களைப் புகழ்வது சரியாகாது. நியூ ஜெர்சியில் 1993-லிருந்தே நோயாளியை மறுக்கக் கூடாது என்று சட்டம் இருந்தது என்றேன் அல்லவா? அது எப்படிப் போனது என்று பாருங்கள். 1995 முடிவில் சுமார் 1,86,000 பேர் தனிநபர் பாலிசியில் இருந்தார்கள். 2001 முடிவில் அது 85,000 அளவுக்கு வந்துவிட்டது. எல்லோரும் சேர வேண்டும் என்ற கட்டாயமோ, பிரீமியம் கட்டப் போதுமான உதவியோ இல்லை. உடம்பு நன்றாக இருப்பவர்கள் விலகினார்கள், நோயாளிகள் மட்டும் மிஞ்சினார்கள், பிரீமியம் ஏறியது, இன்னும் கொஞ்சம் பேர் விலகினார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் இன்னும் மோசம். கம்பெனிகளே வெளியேறி, 1999-இல் பெரும்பாலான கவுண்டிகளில் புதிதாகத் தனிநபர் பாலிசி வாங்கவே முடியாத நிலை. மாசசூசெட்ஸ் 2006-இல் மிட் ரோம்னி கவர்னராக இருந்தபோது சட்டம், கட்டாயம், பண உதவி மூன்றையும் சேர்த்துப் போட்டது, அது நின்றது. நியூயார்க்கில் 2013 வரை உச்சத்தில் இருந்த தனிநபர் பிரீமியம், ஃபெடரல் உதவிப் பணமும் கட்டாயமும் வந்ததும் பாதிக்கு மேல் இறங்கியது. விதி பழையதுதான். அதைத் தாங்க ஆளும் பணமும் சேர்ந்தன.

இந்தப் பாடத்தை நியூ ஜெர்சி மறக்கவில்லை. 2017 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ், காப்பீடு இல்லாதவர்களுக்கான அபராதத்தைப் பூஜ்யமாக்கியதும், ஐந்தே மாதத்தில் இங்கே மாநில அளவில் அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2019 ஜனவரியிலிருந்து காப்பீடு இல்லாமல் இருந்தால் மாநில வரியோடு அபராதம் கட்ட வேண்டும். அண்டை வீட்டில் பலர் திட்டினார்கள். நான் திட்டவில்லை.

ஆனால் ஃபெடரல் உதவிப் பணம் குறைந்தால் மாநிலம் எவ்வளவு தாங்கும்? 2021-இல் வந்த கூடுதல் பிரீமியம் உதவி 2025 முடிவில் காலாவதியானது. நியூ மெக்சிகோ அந்தப் பள்ளத்தைத் தன் பணத்திலிருந்து அடைக்க முன்வந்தது. நியூ ஜெர்சியும் தன் பங்குக்குக் கொஞ்சம் கொடுக்கிறது, ஆனால் கொஞ்சம்தான்.

இது யார் வீட்டுக் கதை என்றால், என் அத்தை மாதிரி இருப்பவர்கள் கதை. அத்தை, அதாவது என் மாமியார், கும்பகோணத்திலிருந்து கிரீன் கார்டில் வந்தபோது வயது 71. கைப்பையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா, ஏழு அறை, சர்க்கரைக்கு ஒன்று, பிரஷருக்கு இரண்டு, தைராய்டுக்கு ஒன்று. 65 தாண்டியவர்தான், ஆனாலும் புதிதாக வந்தவருக்கு முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் கிடைக்க ஐந்து வருடம் இங்கே இருந்திருக்க வேண்டும். அதுவரை மாநிலத்தின் இணையச் சந்தையில் பாலிசி வாங்குவதுதான் வழி. பிறந்த தேதி கேட்டார்கள், முகவரி கேட்டார்கள், கிரீன் கார்டு, வருமான விவரம் கேட்டார்கள். அவ்வளவுதான். நான் அத்தையின் டாக்டர் ஃபைலை மடியில் தயாராக வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. "என்னம்மா, சர்க்கரையைப் பத்தி ஒண்ணுமே கேக்கலையே" என்றார் அத்தை. கேட்கக் கூடாது அத்தை, அது சட்டம் என்றேன். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

2025 ஜூலை 4-இல் கையெழுத்தான ஃபெடரல் சட்டம் இந்தக் கூட்டத்தைத்தான் குறிப்பாகத் தொடுகிறது. வருமானம் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்து, புதிதாக வந்தவர் என்பதால் ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டிலும் சேர முடியாத குடியேறிகளுக்கு இருந்த பிரீமியம் உதவி, 2026 ஜனவரி 1-உடன் நின்றது. 2027-லிருந்து ஹெச்-1பி, ஹெச்-4, மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கும் அந்த உதவி கிடையாது. மறுக்கக் கூடாது என்ற விதி அப்படியே இருக்கும். பிரீமியத்தைத்தான் முழுதாகக் கட்ட வேண்டும். பெற்றோருக்கு கிரீன் கார்டு எடுக்க யோசிப்பவர்கள் பயணச் சீட்டு விலை பார்ப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

இன்னொன்றையும் விரைவாகச் சொல்லிவிடுகிறேன். தொலைபேசியில் விற்கும் "குறுகிய காலப் பாலிசி" மலிவாக இருக்கும். அது அஃபோர்டபிள் கேர் சட்டத்துக்குள் வராதது, நோயைக் கேட்கும், மறுக்கும். எவ்வளவு நாளுக்கு விற்கலாம் என்பதை ஒவ்வொரு ஆட்சியும் மாற்றிக்கொண்டே இருக்கிறது. நியூ ஜெர்சி, நியூயார்க், கலிஃபோர்னியாவில் அது விற்பனைக்கே இல்லை. டெக்சாஸில் விற்கிறார்கள். மகனே, எடுத்துவிடாதே.

வேலையில் சேர்ந்த முதல் வாரம் அவன் ஹெச்.ஆரிடம் கேட்டுவிட்டு அட்டையைப் படம் எடுத்து அனுப்பினான். பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் டி.டி.ஐ. என்று மூன்று எழுத்து. டெக்சாஸ் இன்சூரன்ஸ் துறையின் கீழ் வரும் பிளான் என்று அடையாளம். சின்ன கம்பெனி, இன்சூரன்ஸ் கம்பெனியிடம் வாங்கிய பிளான். ஏதாவது தகராறு என்றால் மாநிலத் துறையிடம் புகார் கொடுக்கலாம். நல்லதுதான். "சரிம்மா, ஃபெடரல் சட்டம் நாளைக்கே போச்சுன்னா இங்க என்ன இருக்கு?" என்று கேட்டான். நியூ ஜெர்சி 2020-இல் செய்ததுபோல டெக்சாஸில் செய்யவில்லை என்று சொன்னேன். பழைய விதி திரும்பி வரலாம், அதனால் ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் 63 நாள் இடைவெளி விடாதே என்றும் சொன்னேன். "எனக்கு என்னம்மா நோய் இருக்கு?" என்றான்.

ஃபைலைத் தேடி எடுத்து, 2008-இன் இர்விங் கடிதத்தைப் படம் எடுத்து அவனுக்கு அனுப்பினேன். என் வரிக்குக் கீழே அவனுடைய வரி. அவன் பெயர், வயது ஒன்பது, ஆஸ்துமா, கூடுதல் பிரீமியம்.